கொல்லன் லார் ஒளிந்த கதை

ஊர்ப்பாட்டின் எந்தெந்தக் கண்ணியைக் கல்லில் வெட்டுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவாக வேண்டும். தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, ஃபர்லாங் நடத்தும் பப்பில் ஊரே கூடியிருந்தது. அயர்லாந்தில் ஆங்கிலேயரை எதிர்த்து 1798-இல் நடந்த எழுச்சிக்கு இது இருநூறாம் ஆண்டு. பாலத்தருகே நினைவுக்கல் நடுகிறார்கள். அந்த எழுச்சியைச் சொல்லும் ஊரின் பாட்டு முழுவதும் அதில் ஏற வேண்டும். பள்ளி ஆசிரியர் ஃபின்டன் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: இரண்டு வீடுகளில் வழங்கும் கண்ணிதான் கல்லில் ஏறும்.

நான்ஸ் சினட்டுக்கு அங்கேதான் இடித்தது. முதல் ஐந்து கண்ணிகளும் ஊரில் எல்லார் வாயிலும் உண்டு. ஆறாவது அவள் வீட்டில் மட்டும். அவள் குடும்பத்து எல்லன் சினட்டின் பெயர் இருப்பதும் அதில் மட்டும்தான். கல்லில் ஏறாவிட்டால் எல்லன் என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

"ஆறாவது கண்ணி உங்க அப்பா அடுப்படியில கட்டினது, நான்ஸ்" என்றான் மோக் ரோசிட்டர், பீரின் நுரையைத் துடைத்துக்கொண்டு. அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். நாற்பது வருடமாக இதே பேச்சு.

"எங்க அப்பாவுக்கு ஒரு கடுதாசி எழுதவே மூணு நாள் ஆகும். அவரு பாட்டு கட்டினாராக்கும்! வாயை மூடிட்டுக் குடி."

ஆனால் நான்ஸ் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் அவள் ஆறாவது கண்ணிக்கு வரும்போது மோக் தலையைக் குனிந்துகொள்வான். குனிந்த தலைக்குக் கீழே உதடு அசையும். இல்லாத கண்ணிக்கு ஏன் ஐயா உதடு அசைகிறது?

அன்றைக்கும் அவளைத்தான் பாடச் சொன்னார்கள். கண்ணை மூடிப் பாடினாள். துணைக்கு வாத்தியம் கிடையாது. பப்பில் ஒரு கிளாஸ் சத்தம் கேட்கவில்லை. ஐந்து கண்ணி முடிந்து ஆறாவதை எடுத்தாள்.

"ஈட்டி நூறும் பட்டறைக் குள்ளே,
எல்லன் சினட் கையில் கோடரி,
கதவைப் பிளந்து உள்ளே போனாள் —"

அங்கே நிறுத்திவிட்டாள். மறக்கவில்லை, வேண்டுமென்றேதான். நின்ற பாட்டை நின்றபடி விடுவது அந்த ஊரில் பெரும் பாவம். அடுத்த அடி தெரிந்தவன் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும், பகையாளியாக இருந்தாலும்.

நான்ஸ் கண்ணைத் திறந்து மோக்கையே பார்த்தாள். அவன் முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, சபையே திரும்பிப் பார்க்க, கரகரத்த குரலில் எடுத்துக் கொடுத்தான்.

"கொல்லன் லாரோ கட்டிலின் அடியில்."

லார் ரோசிட்டர். அவனுடைய முப்பாட்டனுக்கும் பாட்டன். மோக் வீட்டில் இந்தக் கண்ணியை ஏன் புதைத்தார்கள் என்று இப்போது ஊருக்கே விளங்கிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான்ஸுக்கு வெற்றியில் தலை நிமிர்ந்தது. அடுத்த கணமே, தன் வீட்டு மானத்தைத் தானே சபையில் வைத்தவனைப் பார்த்து நெஞ்சு கனத்தது. எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாடி முடித்தவர்தான் அடுத்துப் பாடுபவரை அழைக்க வேண்டும். "நான் மோக்கைக் கூப்பிடுறேன்" என்றாள். "மிச்சம் இருந்தா பாடு."

"இருக்கு" என்றான் அவன். "ஆறாவதைப் பாடாம இதைப் பாட முடியாது. அதனால எங்க வீட்டுல இதையும் சேர்த்தே அமுக்கிட்டாங்க."

"விடியும் போது குன்றின் மேலே
வெட்கம் தீரக் கொல்லன் வந்தான்;
எல்லன் பின்னால் ஈட்டி எடுத்து
ஏறிப் போனவன் இறங்க வில்லை."

இருநூறு வருடமாக ஒரு வீரனைக் கட்டிலுக்கடியிலேயே படுக்கவைத்துவிட்டார்களே, படுபாவிகள்!

ஃபின்டன் தயங்கித் தயங்கித் தொண்டையைச் செருமினார். "ஆறாவது சரி, இப்ப ரெண்டு வீட்டுல இருக்கு. ஆனா மோக், ஏழாவது உங்க வீட்டுல மட்டும்தானே..."

மோக் தலையை ஆட்டிவிட்டுக் கிளாஸை எடுத்தான்.

"யாரு சொன்னா?" என்றாள் நான்ஸ். "எங்க வீட்டுலயும் உண்டு."

பாட்டு விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. ஊருக்கே தெரியும் அது பொய் என்று.

"அப்படின்னா பாடுங்க பார்ப்போம்" என்றார் ஃபின்டன்.

நான்ஸ் மோக்கின் கையை விடாமலே பாடினாள். ஒரே ஒரு தரம் கேட்ட நான்கு அடிகளையும் பிசகாமல் பாடினாள். ஒரு சொல்லைத் தவிர.

"எல்லன் பக்கம் ஈட்டி எடுத்து
ஏறிப் போனவன் இறங்க வில்லை."

ஃபின்டன் பென்சிலைத் தூக்கினார். "அவர் 'பின்னால்'னு பாடினாரு. நீங்க 'பக்கம்'ங்கிறீங்க."

"வீட்டுக்கு வீடு பாடபேதம் இருக்கத்தானே செய்யும்?" என்றாள் நான்ஸ் நிமிர்ந்து.

"கல்லுல எதை வெட்டுறது?"

மோக் ரோசிட்டர் கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "சினட் வீட்டுப் பாடத்தையே வெட்டுங்க, வாத்தியாரே" என்றான். "அவங்க வீட்டுலதான் எதையும் மறைக்காம வச்சிருந்தாங்க."