டிக்கி இல்லாத கார்

இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது கேட்ட சத்தத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. டயர் வெடித்தால் வேறு சத்தம். இது எலும்பு முறிகிற சத்தம். அம்மாவைத் தக்கலையில் அவள் வீட்டில் விட்டுவிட்டுத் திட்டுவிளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வில்லுக்குறி தாண்டிய இடத்தில் குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் மழைத்தண்ணீர் நிறைந்து ரோட்டோடு ரோடாகக் கிடந்திருக்கிறது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் அப்போதுதான் நடை பழகும் பிள்ளையின் பாதம் மாதிரி வெளிப்பக்கம் திரும்பி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பள்ளத்தின் மேல் அல்ல. இதைக் கேட்டு வீட்டில் ஒரு முகம் தெளியப்போகிறதே, அதன் மேல்.

திட்டுவிளைச் சந்தியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ரசலையன் அண்ணன்தான் வண்டியைத் தூக்கிக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் போட்டார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, லோயர் ஆர்ம் போய்விட்டது என்றார். சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்துவைத்திருக்கிற இரும்புக் கை அது. இந்த மாடலைக் கம்பெனிக்காரன் நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, சாமான் மதுரையிலிருந்து வரவேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றார். வாசலில் நின்ற மாமி, என் மாமியார், "அப்போ கெடக்கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் நினைத்த மாதிரியே முகம் தெளிந்துதான் இருந்தது.

அம்மாவுக்கு செவ்வாயும் வெள்ளியும் ஆசாரிப்பள்ளத்தில் டயாலிசிஸ். நான் ஒற்றை மகள், அப்பாவும் இல்லை. முடிந்து வரும்போது அம்மா பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொள்வாள். சில நாள் வாந்தி எடுப்பாள். ஒருதடவை டாக்சி பிடித்துப் போனோம். அந்த டிரைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் கண்ணாடி வழியாகத் தன் சீட் கவரையே பார்த்துக்கொண்டு வந்தான். அம்மா அதைக் கண்டுவிட்டு வாயைத் துணியால் பொத்தியபடி தக்கலைவரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். அன்று முடிவெடுத்தேன், இனி என் வண்டியில்தான் என்று.

என் வண்டி என்று சொன்னாலே அந்த வீட்டில் யாருக்காவது புரை ஏறும். சீதனமாகக் கொடுத்த கார், கொடுத்த வீட்டுக்கே திரும்பத் திரும்ப ஓடுகிறதே என்பது மாமியின் தீராத வருத்தம். நான் சாவியை எடுத்தாலே, "கழுத கெட்டா குட்டிச்சுவரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அன்று ராத்திரி குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஆன்ஸ்லின் பேசினார். தான் லீவில் வரும்வரை வண்டி முற்றத்திலேயே கிடக்கட்டும், அம்மாவுக்கு டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷன்தான். தாயிடம் பேசிவிட்டு வந்தால் மட்டும் குரல் மாறும். நான் போனை வைத்துவிட்டேன். இன்றைக்கு டாக்சி போதும் என்பார்கள். நாளைக்கு டாக்சி இருக்கும்போது நீ எதற்கு என்பார்கள். அந்த வண்டி ஒருதடவை நின்றால் நின்றதுதான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் உடைந்த சாமானின் நம்பர் பார்க்க வந்த ரசலையன் அண்ணன், முற்றத்தின் அந்த ஓரத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த இன்னொரு காரைக் குனிந்து பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளே, சாமான் முற்றத்துலயே கெடக்கே. பெறவு எதுக்கு மதுரை?"

அது என் ஓரகத்தி லீமாவின் கார். ஆன்ஸ்லினின் தம்பி அஜினுக்குக் கட்டிக்கொடுத்தபோது, செங்கல்சூளை வைத்திருந்த அவள் அப்பா வாங்கித் தந்தது. என்னுடையதும் அவளுடையதும் ஒரே கம்பெனி. முன்னால் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பின்னால் போனால்தான் வித்தியாசம், அவள் காருக்கு டிக்கி உண்டு, என் காருக்கு இல்லை. அந்த ஒரு டிக்கியை வைத்து மாமி ஐந்து வருஷம் அரசாட்சி நடத்தினார். கல்யாண வீட்டிலும் சரி, மாதர் சங்கத்திலும் சரி, சின்னவள் கொண்டுவந்தது "டிக்கி உள்ளது", மூத்தவள் கொண்டுவந்தது "ஒரு குட்டிக் காரு". அந்த டிக்கியைத்தான் இரண்டு மாசத்துக்கு முன் ஆரல்வாய்மொழியில் ஒரு லாரி இடித்து உள்ளே தள்ளிவிட்டது. அஜினுக்கு ஒரு கீறல் இல்லை. முன்பாதி புத்தம் புதுசாக இருந்தது. களியக்காவிளையிலிருந்து பழைய வண்டி எடுக்கிற ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டுபோவதாக அஜின் பேசி முடித்திருந்தான்.

முழுக்க ஒன்றல்ல என்று ரசலையன் அண்ணன் விளக்கினார். அந்தக் கை ஒரு நகத்தளவு நீளம் கூடுதல். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி நொண்டும். மாற்றுவதானால் இரண்டு பக்கமும் மாற்றவேண்டும். அப்போது சக்கரங்கள் முன்பைவிட ஒரு நூல் அகலமாக நிற்கும், அதில் ஒரு கேடும் இல்லை. ஆனால் எடுத்துவிட்டால் அந்தக் கார் உருளாது, செங்கல் அடுக்கித்தான் நிறுத்தவேண்டும் என்றார்.

நான் லீமாவிடம் கேட்கவில்லை. கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத வாய் எனக்கு. அதோடு, ஐந்து வருஷமாக அவள் காரை உயர்த்திப் பேசியதெல்லாம் மாமிதான் என்றாலும், அவள் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு கடுப்பும் உண்டு. அவள் அடுக்களை ஜன்னல் பக்கம் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவள் பொதுவாகவே பேசமாட்டாள். அதைத்தான் மாமி அடக்கம் என்று சொல்லி ஊருக்குக் காட்டுவார்.

கையைக் கழுவாமலே அவள் முற்றத்துக்கு இறங்கி வந்தாள். நேராகத் தன் காரிடம் போய்த் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள்.

"எடுங்க அண்ணே" என்றாள்.

மாமி வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை விற்கப்போகிற வண்டி, அஜினைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்றார். லீமா திரும்பிப் பார்த்தாள்.

"அது எனக்க பேருல உள்ள வண்டி மாமி. நீங்கதான அப்பிடி எழுதச் சொன்னிய?"

உண்மைதான். இரண்டு கல்யாணத்துக்கும் மாமி அதைத்தான் வற்புறுத்தினார். கார் மாப்பிள்ளை பெயரில் இருந்தால் நாளைக்கு யாராவது சீதனம் வாங்கினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். பெண் பெயரில் இருந்தால், பெற்றவர்கள் ஆசையாகத் தந்தது, நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று ஊரில் நிமிர்ந்து நடக்கலாம். ஊருக்காகப் போட்ட கணக்கு. அந்தப் பெண்களில் ஒருத்தி அதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்வாள் என்று அவர் நினைத்ததே இல்லை. இதை நான் சொல்லியிருந்தால் வாய்க்காரி என்று முடித்திருப்பார். சொன்னது லீமா.

மாமி போனை எடுத்து அஜினை அழைத்தார். பேசச்சொல்லி லீமாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "வேல முடியட்டு. பெறவு பேசுகேன்" என்றாள். மறுமுனையில் அஜின் கத்துவது முற்றம் முழுக்கக் கேட்டது. போன் கொஞ்சநேரம் மாமியின் கையில் கத்திவிட்டு ஓய்ந்தது.

போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. அண்ணன் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பானரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீட்டி, என்னையும் லீமாவையும் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் நைட்டியைச் சொருகிக்கொண்டு தொங்கினோம். முதலில் அசையவில்லை. லீமா பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கெட்டவார்த்தை மாதிரித்தான் கேட்டது. மடாரென்று ஒரு சத்தத்தோடு போல்ட் இளகியது, நாங்கள் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தோம். ஐந்து வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு காரிலிருந்தும் கழற்றிய கைகளை அண்ணன் சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாமிக்கு உள்ளே இருக்கமுடியவில்லை. வந்து எட்டிப் பார்த்தார். "அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். குரலில் சண்டை இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அடியில ஒண்ணுதான் அம்மா" என்றார் ரசலையன் அண்ணன். "மேலதான் வித்தியாசம்."

மாலைக்குள் வேலை முடிந்தது. சக்கரங்களை நேராக்க வீல் அலைன்மெண்ட் செய்யவேண்டும், அது நாகர்கோவிலில்தான், அதுவரை வண்டி இடதுபக்கம் இழுக்கும், மெதுவாக ஓட்டு பிள்ளே என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அஜினின் அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவன் சத்தம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டு வந்தால் கேட் பூட்டிக் கிடந்தது. சாவி மாமியின் இடுப்பில். வாசல் நடையில் நாற்காலி போட்டு வேதப்புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். அஜின் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டான். நான் சாவி கேட்டேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிக்குப் படுக்கை. தவறினால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்லமுடியாது. ஒரு நாள் தள்ளினாலே கால் வீங்கி மூச்சு இழுக்கும். அது மாமிக்கும் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தாரே, அதை என்னால் இன்றுவரை மன்னிக்கமுடியவில்லை.

நான் வண்டியில் ஏறி ஹாரனில் கையை வைத்தேன். எடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து மாடியில் துணி உலர்த்தியவள் எட்டிப் பார்த்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். யாரோ கேட்டுக்கு வெளியே வந்து, என்ன, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார்கள். நான் கண்ணாடியை இறக்கி, ஆமாம், எங்கள் அம்மையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், கேட் சாவியைக் காணவில்லை, மாமி தேடிக்கொண்டிருக்கிறார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மறுபடியும் ஹாரனை அழுத்தினேன்.

மாமி எழுந்து வந்து கேட்டைத் திறந்தார். "இனி இந்த வண்டி இஞ்ச வரப்பிடாது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"வரும் மாமி. செவ்வாக்கிழமை மறுபடியும் போகும்."

வண்டி நகரும்போது முன்கதவைத் திறந்துகொண்டு லீமா ஏறினாள். காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது, தலை வாரவில்லை.

பூதப்பாண்டி தாண்டினோம். அண்ணன் சொன்னபடியே வண்டி இடதுபக்கம் இழுத்தது, பிடித்து வலதுபக்கம் வைத்துக்கொண்டே போனேன். அம்மா போன் செய்தாள். பக்கத்து வீட்டுத் தாயம்மை சித்தி துணைக்கு இருக்க, தான் பையோடு வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, புறப்பட்டாயா என்று கேட்டாள். ரெண்டு பேராக வருகிறோம் என்றேன். யாரது என்று கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்றேன்.

புத்தேரிக் குளத்துப் பக்கம் வரும்போது லீமா வாயைத் திறந்தாள்.

"அக்கா, எனக்கு லைசென்ஸ் உண்டும். கலியாணத்துக்கு முந்தியே எடுத்தது. அவரு ஒரு நாளு சாவியத் தந்ததில்ல." என் கையிலிருந்த ஸ்டியரிங்கைப் பார்த்தாள். "இதுல கெடக்குது எனக்க வண்டிக்க கையுல்லா. நான் ஒண்ணு ஓட்டிப் பாக்கட்டா?"

மணி ஆகிக்கொண்டிருந்தது. வண்டி வேறு இழுக்கிறது. நான் ஓரமாக நிறுத்தி இறங்கினேன். அவள் அந்தப் பக்கம் சுற்றி வந்து ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். முதலில் வண்டி குதித்து அணைந்தது. மறுபடியும் போட்டாள். பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் இடதுபக்கம் இழுக்க, அவள் இரண்டு கையாலும் வலதுபக்கம் பிடித்தாள். பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு டெம்போவும் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. ஒதுங்கு என்று நான் சொல்லவில்லை. அவளும் ஒதுங்கவில்லை, இரண்டாவது கியரிலேயே ரோட்டின் நடுவில் தக்கலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.