நரிப்பாறைக்கு வெள்ளையடித்தார்கள்

இப்போதெல்லாம் மனுஷப்பயல்கள் ஒரு பாறையைக்கூடச் சும்மா கிடக்க விடுவதில்லை. ஒருத்தன் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறான், ஒருத்தன் காதலி பேரைக் கிறுக்குகிறான், ரெண்டுக்கும் வக்கில்லாதவன் கமிட்டி போடுகிறான். பேயாண்டிக்கு இந்த மூன்றாவது ரகத்தைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

அலங்காநல்லூருக்கு வடக்கே, அவர் ஊரை ஒட்டிக் கிடக்கிறது நரிப்பாறை. ஊர்ச்சனம் தானியம் காயவைப்பது அதில்தான். மாசி வெயிலில் அவருடைய உளுந்தும் அங்கேதான் கிடந்தது. அதை அள்ளச் சொல்லி வந்து நின்றான் ஊர்த்தலைவர் பாண்டியராஜன், பேயாண்டிக்கு அக்கா மகன்.

"மாமா, பசுமலை காலேஜ் டீச்சரம்மா நம்ம பாறையை, பழம்பாறைகளைக் காக்குற புவிப்பூங்காவுல சேர்க்குறாக. வெளிநாட்டுல இதே மாதிரி பூங்கா வச்சிருக்கவுக நாளைக்கு வாராக. அவுகளும் நம்மளும் கூட்டு. அப்புறம் ஒரு பய இதை வெட்ட முடியாது."

"பக்கத்து மலையையும் இப்படித்தான் வந்து தடவிப் பார்த்தாய்ங்க. டீ கூட வாங்கிக் குடுத்தாய்ங்க. இப்ப அங்க மலை இல்ல, பள்ளம்தான் கிடக்கு."

"அவன் வெட்ட வந்தவன். இவுக காக்க வந்தவுக."

"காக்க வந்தவன் மொதல்ல வேலி போடுவான் மாப்ள. அப்புறம் உளுந்தை உன் மண்டையிலயா காயவைக்கிறது?"

பாண்டியராஜன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே போய்விட்டான்.

போனவன் சும்மா இருந்தானா? விருந்தாளி வருகிற இடம் அழுக்காக இருக்கலாமா என்று, கோயில் சுவருக்கு அடிக்கிற மாதிரி பாறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, நடுநடுவே காவிப்பட்டையும் இழுத்துவிட்டான். பேயாண்டி கம்போடு காவல் உட்கார்ந்த உளுந்துப் பக்கம் மட்டும் எவனும் வாளியைக் கொண்டுவரவில்லை.

மறுநாள் வேனிலிருந்து இறங்கிய டீச்சர் பிரியம்வதா அப்படியே நின்றுவிட்டாள். கூட வந்த வெள்ளைக்காரர்கள் இருவரும் பாறையைப் பார்த்தார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரு சார் இது பண்ணது?"

"ஊரே சேர்ந்துதாங்க மேடம். ரெண்டு கோட்டு."

"கோடிக்கணக்கான வருஷமா பூமிக்குள்ள வெந்து மடிஞ்சு விழுந்த வரி சார் இதுல இருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க."

"வரிதான மேடம், நாங்களும் போட்டிருக்கோம்ல," என்று பாண்டியராஜன் காவிப்பட்டையைக் காட்டினான்.

வெள்ளைக்காரர்களில் மூத்தவர் உளுந்தைக் கைகாட்டினார். டீச்சர் கெஞ்சிக் கேட்ட பிறகு பேயாண்டி ஒரு முழம் ஒதுக்கிவிட்டார். அடியில் கருப்பும் வெள்ளையுமாக, சேலைக் கொசுவம் மாதிரி பாறை மடிந்து கிடந்தது. வந்தவர்கள் ரெண்டு பேரும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார்கள்.

"நல்லவேளை, நீங்க எந்திரிக்கல ஐயா. மிஞ்சினது இந்த இடம்தான். இதைச் சுத்தி ஒரு சின்ன வேலி..." என்று இழுத்தாள் டீச்சர்.

பேயாண்டி மருமகனைப் பார்த்தார். மருமகன் வேனைப் பார்த்தான்.

டீச்சர் வேலியைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல, படுத்தபடியே மூத்தவர் என்னவோ பதில் சொன்னார். டீச்சர் தமிழில் சொன்னாள்: "அவங்க பூங்காவுல வேலியே இல்லையாம் ஐயா. பாறையில ஆடு மேயுதாம். ஆள் புழங்குற பாறையை வெட்டறவன் லேசுல நெருங்க மாட்டான், உளுந்து காயட்டும்கிறார். சரி, வேலி வேண்டாம். நான் சொல்றேன்."

"நீங்க சொல்றீக. உங்களுக்கு அடுத்து வாரவுக?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பாண்டியராஜன் முந்திக்கொண்டான். "மாமா, டீ வருது. குடிச்சிட்டுப் போங்க."

"டீயா," என்றார் பேயாண்டி.

ஒதுக்கிய உளுந்தைக் காலாலேயே தள்ளி அந்த வரிகளை மூடினார். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உளுந்து இங்கதான் கிடக்கும். நாளைக்கு வாரேன். அடியில பாறை இருக்கான்னு பார்ப்போம்."

சொல்லிவிட்டு, வெள்ளை காய்ந்த பாறையில் புழுதிச் செருப்பின் தடம் பதிய இறங்கிப் போனார்.