லாரியில் ஓர் இடம்

எம்மெரிக் தன் காலைத் தானே வெட்டிக்கொண்டதை வெர்னா மட்டும்தான் பார்த்தாள். அவளுடைய பீட்ரூட் வயலில், வரிசையின் கடைசியில், வேலைக்கு வந்த மற்ற ஜெர்மன் போர்க்கைதிகளுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தான். கிழங்கின் தலையைச் சீவுகிற கத்தி பூட்ஸைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. குளிரில் விறைத்த மண்ணில் ரத்தம் ஆவி பறக்க ஓடியது.

காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில் ஜெர்மன் பேசத் தெரிந்த சிலரில் வெர்னாவும் ஒருத்தி; அவளைப் பெற்றவர்கள் வீட்டில் பேசியது அந்த மொழிதான். அதற்காகவே கடைத்தெருவில், "என்ன வெர்னா, சொந்தக்காரங்க வேலைக்கு வந்துட்டாங்களாமே?" என்று குத்துவார்கள். அவள் மகன் வில்பர்ட் பிரான்சில் அதே ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டையில் இருந்தான். அது குத்துகிறவர்களுக்கும் தெரியும்.

"அம்மா, இன்னைக்கு கேம்புக்குத் திரும்பினா நான் செத்தேன்," என்றிருந்தான் எம்மெரிக். "சண்டையில நாம தோத்தாச்சுன்னு சாப்பாட்டு வரிசையில வாய விட்டுட்டேன். ப்ரான்டல் காதுல விழுந்துருச்சு. போன மாசம் இப்படித்தான் ஒருத்தன குளியலறையில தொங்கவிட்டாங்க. அவனே தொங்கிட்டான்னு முடிச்சுட்டாங்க."

ப்ரான்டல் கைதிகளிலேயே பதவியில் மூத்த சார்ஜென்ட்; தோல்வி என்ற பேச்சையே பொறுக்காதவன். முள்வேலிக்கு வெளியேதான் அமெரிக்கக் காவல். உள்ளே அவன் வைத்ததுதான் சட்டம்.

"காவல்காரர்கிட்ட சொல்லேன்."

"சொன்னா காட்டிக்குடுத்தவன் ஆயிடுவேன். எங்க நாட்டுல அம்மா இருக்காங்க. இவனுங்க கை அங்கயும் நீளும்."

"வேலையப் பாரு," என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துபோயிருந்தாள்.

கேம்புக்குப் போகாமல் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வெட்டிக்கொண்டான் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. ஓடிப்போய், இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் காலைச் சுற்றினாள். காவல்காரன் டுப்ரீ துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி வந்தான்.

"இவனே வெட்டிக்கிட்டானா? அப்படின்னா நேரா கேம்புலதான் அடைக்கணும்."

வெர்னா கத்தியைக் கையில் எடுத்தாள். "என் கை தவறிருச்சு. எப்படிச் சீவணும்னு காட்டிக்கிட்டு இருந்தேன்."

டுப்ரீ அவளை நம்பினானா என்று தெரியவில்லை. "சரி. கேம்ப்ல இவங்க டாக்டரே இருக்கார். பாக்கட்டும்."

அந்த டாக்டரும் ஒரு கைதி. ப்ரான்டலோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அதற்குள் ப்ரான்டலே வந்து எம்மெரிக்கைக் குழந்தையைப் போல் தூக்கி லாரியில் ஏற்றினான். "கவலைப்படாதீங்கம்மா," என்றான் மரியாதையாக. "நம்ம பையன். நாங்க பாத்துக்கறோம்." எம்மெரிக் அவளைப் பார்த்தான்.

வெர்னா பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

அவள் கணவன் ரூபன் வயலின் குறுக்கே ஓடிவந்தார். "எறங்குடி! என்ன பண்ற நீ? வில்பர்ட்ட ஒரு நிமிஷம் நெனச்சியா? ஊரே காறித் துப்பும்!"

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "டுப்ரீ, வெட்டினது நான். ஊர் ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க டாக்டர்கிட்ட நானே சொல்லணும்."

"ஏம்மா உயிர எடுக்கறீங்க? உங்கள கேம்ப் வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"அப்ப ரோடு பிரியற இடத்துல ஊர்ப்பக்கம் திருப்பு. என்னை எறக்கணும்னா தூக்கித்தான் எறக்கணும்."

டுப்ரீ ரூபனைப் பார்த்தான். ரூபன் தரையைப் பார்த்தார். டுப்ரீ எச்சிலைத் துப்பிவிட்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலே ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

பலகையில் மற்ற கைதிகள் ஒதுங்கி இடம்விட்டார்கள். ப்ரான்டல் மட்டும் அசையவில்லை. அவனுக்கும் எம்மெரிக்குக்கும் நடுவிலிருந்த இடுக்கில் வெர்னா தன்னைத் திணித்துக்கொண்டு, வெட்டுப்பட்ட காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். ப்ரான்டலின் தோள் அவள் தோளில் அழுத்திக்கொண்டிருந்தது. அவன் ஏதோ ஒரு பாட்டை மெல்ல முனகினான். லாரி கிளம்பியது. துணியை மீறி வழிந்த ரத்தம் தரைப்பலகையில் சொட்டி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் காலணிப் பக்கமும் அவன் பூட்ஸ் பக்கமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது.