பத்தியக் கறி

நான் பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தியை எனக்கு முதலில் தெரிவித்தவர் மகேந்திரராசா அண்ணை. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில் அவருடைய பலசரக்குக் கடையில் ஏழு வருடமாகக் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்பதுதான். அங்கே கதிரை கிடையாது. அன்று புதன்கிழமை. வந்திறங்கிய அரிசிப் பைகளில் ஒன்றை நான் உள்ளே இழுக்கப் போனபோது அவர் பாய்ந்து வந்து பறித்தார்.

"விடு, விடு. நீ உதைத் தூக்கக்கூடாது, பிள்ளை."

"ஏன் அண்ணை?"

"ஏனெண்டு என்னைக் கேக்கிறாய்! தில்லைநாயகியக்கா போன் எடுத்து எல்லாம் சொல்லிப்போட்டா. எங்களுக்கு மறைச்சு என்ன செய்யப்போறாய்?"

பிறகு உள்ளே போய், தான் கணக்குப் பார்க்க இருக்கும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் வைத்தார். மெத்தை போட்ட கதிரை. இதே இடத்தில் வயிற்றை மேசை விளிம்போடு அழுத்திக்கொண்டு, கத்தரிக்காய் நிறுத்துக் காசு வாங்கிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அப்போது ஒரு முக்காலி கேட்டேன். "கடைக்குள்ளை இடம் எங்கை?" என்றார். இப்போது இடம் இருந்தது. நான் அமர்ந்தேன்.

கீரைப் பக்கம் நின்ற கௌரி அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இனி உனக்கு ராசகாலம்தான், யசோதினி."

தில்லைநாயகி என் மாமி, கணவரின் தாய். நாங்கள் மூன்று பேரும் நகருக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் ஏன் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் சாமிப்படங்கள் ஹோலில் உள்ள அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பது என் வேலை. மாதத் துடக்கு நாட்களில் நான் வைப்பதில்லை, மாமி வைப்பார். இதைப் பற்றி ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. விளக்கை யார் வைக்கிறார் என்று பார்த்தால் போதும். கல்யாணமான நாளிலிருந்து மாமி தீப்பெட்டியைக் கையில் எடுத்தால், இந்த மாதமும் ஒன்றுமில்லை என்று பொருள். அப்போது ஒரு பெருமூச்சு விடுவார். அந்த நேரம் நான் குளியலறையில், குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்துக் கிடப்பேன். குடித்த தண்ணீரையும் சத்தி எடுப்பேன். மாமி கதவுக்கு வெளியே வந்து நின்று, "எல்லாப் பொம்பிளையளுக்கும் வாறதுதானே, பிள்ளை. கொத்தமல்லி அவிச்சுத் தரட்டோ?" என்று கேட்பார். அவர் கெட்ட மனுஷி அல்ல.

போன குளிர்காலத்தில்தான் பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார் டொக்டர். கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே, சூலகத்திலும் குடலிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மாதாமாதம் அங்கேயும் புண்ணாகிறது. உள்ளே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. பிள்ளை வராததற்கும் அது காரணமாக இருக்கலாம். ஒரு குளிசை எழுதித் தந்தார். ஒரு நாளும் விடாமல் போடவேண்டும். போட்டால் இரத்தம் வராது, வலி குறையும். போடும் வரைக்கும் பிள்ளையும் வராது.

இரத்தம் நின்றது. பிறகு வலியும் நின்றது. நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத விருப்பம்தான், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடையில் பெரிய குளிர்பெட்டி நிற்கும்போதுதான் இவ்வளவு நேரமும் அது இரைந்துகொண்டிருந்தது தெரியவரும். அது மாதிரித்தான் இருந்தது. வலியோடு சேர்ந்து மற்றவையும் நின்றுபோயின. பசி வரும், சாப்பிடுவேன். யாராவது பகிடி விட்டால் சிரிப்பேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தேன். மாமிக்குத் தீப்பெட்டியைத் தொடவேண்டி வரவில்லை. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தப் புதன்கிழமை வேலை முடிய கார் து நோர் ரயில் நிலையத்தில் என் கணவர் துஷ்யந்தன் காத்து நின்றார். பக்கத்தில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்கிறார். பகல் வேலை நாட்களில் இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போவோம். ரயிலில் இடம் கிடைத்தது.

"மாமி உங்களிட்டை ஏதும் கேட்டவாவோ?" என்றேன்.

"ஓம். போன கிழமை. அவள் முழுகாமல் இருக்கிறாளோ எண்டு கேட்டவா."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"குளிசையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தனான். அவா சிரிச்சா, யசோ. எவ்வளவு காலத்துக்குப் பிறகு சிரிச்சவா. அதுதான்…"

நான் அவரைக் குறைசொல்லவில்லை. மாதக் கடைசியில் டொக்டரைப் பார்க்க எனக்கு ஆஸ்பத்திரியில் ரோந்தேவு இருந்தது. குளிசையை நிறுத்திப் பிள்ளைக்கு முயற்சி செய்வதா, தொடர்ந்து போடுவதா என்று டொக்டர் கேட்பார். யோசித்து வரச் சொல்லியிருந்தார். துஷ்யந்தனுக்கு அதை ஞாபகப்படுத்தி, என்ன நினைக்கிறார் என்று கேட்டேன்.

"உம்மடை உடம்பு. உம்மடை விருப்பம்," என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வழியில் ஒரு நிலையத்தில் ஓர் இளம் தகப்பன் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, தள்ளுவண்டியை மடிக்கத் தெரியாமல் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். ரயில் புறப்படும் வரைக்கும் துஷ்யந்தன் அவனையே பார்த்தார்.

"பிடி கீழை இருக்கு," என்று மெதுவாகத் தனக்குள் சொன்னார். "அமத்தினா மடியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியிடம் சொன்னேன். அவர் குசினி மேசையில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்து, நோயின் பெயர், ஸ்கேன், குளிசை, ஏன் துடக்கு வரவில்லை என்று ஒழுங்காகச் சொன்னேன்.

"அப்ப ஒண்டுமில்லையோ?"

"இல்லை, மாமி."

"நான் லாச்சப்பல் முழுக்கச் சொல்லிப்போட்டன். கோயில் ஐயருக்கும் சொல்லிப்போட்டன். தேருக்குப் பின்னாலை விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறதெண்டு நேர்ந்தும் போட்டன், இந்த முழங்காலை வைச்சுக்கொண்டு."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், மாமி."

"நீ என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அதுவும் சரிதான்.

"கண்டறியாத குளிசை," என்றார். "நிப்பாட்டு உதை."

"நிப்பாட்டினா வலி திரும்பி வரும்."

"வரட்டும். வலியில்லாமல் ஆர் பிள்ளை பெத்தது?"

"வலி வந்தாலும் பிள்ளை வருமெண்டில்லை, மாமி. வரலாம், வராமலும் விடலாம் எண்டுதான் சொல்லுகினம்."

கத்தி நின்றது.

"அப்ப வலி மட்டும்தான் நிச்சயமோ?"

"ஓம்."

அவர் அடுத்த முருங்கைக்காயை எடுத்தார்.

வியாழக்கிழமை நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது மாமி சொன்னார்: "நாளைக்குக் கடைக்குப் போகவேண்டாம். மகேந்திரராசாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னீங்கள்?"

"தங்கேல்லையெண்டு."

"வராத பிள்ளை எப்பிடி மாமி தங்காமல் போறது?"

"வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்? மருமகள் குளிசை போடுறாள், நான் விசரி மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான் எண்டோ?"

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். ஒரு சப்பாத்து காலில், மற்றது கையில். களைப்பாக இருந்தது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மாமிதான் விளக்கு வைத்தார். வருகிற சனத்துக்கு நான் துடக்குக்காரி, வைக்கக் கூடாது. என்னைச் சோபாவில் இருத்தி, மேலே கம்பளியைப் போட்டார். பின்னேரம் கௌரி அக்காவும் கோயிலில் பழக்கமான இரண்டு பெண்களும் வந்தார்கள். தோடம்பழம், பிஸ்கட், ஒரு போத்தலில் ரசம். கௌரி அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். முன்பு நான் வயிற்றுவலி என்று லீவு கேட்ட நாட்களில், "அம்மாவுக்கு மாசப் பெருநாள் வந்திட்டுது" என்று கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்பவர் அவர்தான்.

"எனக்கும் ஒண்டு போனது," என்றார். "மகன் கிருஷிகனுக்கு முன்னம். என்ரை மனுசனுக்குக்கூட ஒழுங்காச் சொல்லேல்லை. அடுத்தநாள் வேலைக்குப் போனனான். ஆர் கேட்டது?"

அவர் அழுதார். மற்ற இருவரும் அழுதார்கள். நான் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை எல்லோருக்கும் நீட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கௌரி அக்கா மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "சரியா வலிச்சதோ, பிள்ளை?"

ஸ்கேன் எடுக்கும் முன்பு டொக்டர்மார், பத்துக்குள் எத்தனை வலி என்று இலக்கம் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. மாமி தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றார்.

"ஓம் அக்கா," என்றேன். "சரியா வலிச்சது. இடுப்புக்குள்ளை கம்பியை விட்டு முறுக்கிற மாதிரி. கால் வரைக்கும் இழுக்கும். வெளிக்குப் போக இருந்தாலும் கத்தியாலை வெட்டிற மாதிரி இருக்கும். நிக்க ஏலாது. பாத்றூம் தரையிலை கிடப்பன், எழும்பினா சத்தி வரும். கடையிலை மிச்சக்காசு எண்ணேக்கை எண்ணினது மறந்துபோகும், திரும்ப எண்ணுவன். ஆக்கள் பின்னாலை வரிசையிலை நிண்டு பேசுவினம். அவர் பக்கத்திலை வந்து படுத்தாலும் வலிக்கும். பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடப்பன்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. நாள்தான் பிழை.

நான் நிறைய நாள் நடந்ததைச் சொல்கிறேன் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

"ஐயோ பிள்ளை," என்றார் கௌரி அக்கா. "இவ்வளவையும் வைச்சுக்கொண்டு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"முக்காலி கேட்டனான்," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டார். நான் எந்த நாட்களைச் சொல்கிறேன் என்று மாமிக்கு விளங்கியது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒருவருக்கும் தேநீர் எடுத்துக் கொடுக்காமலே திரும்பிக் குசினிக்குள் போனார்.

இதுவரைக்கும் நான் எந்த முடிவும் எடுத்திருக்கவில்லை. சொல்லி முடித்தபோது, அந்த வலிக்குள் இனி ஒருமுறை நான் போகமாட்டேன் என்பது தெரிந்தது. அது துணிவு போல இருக்கவில்லை. மழை விட்டதா என்று பார்க்கும்போது, விட்டிருந்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு சாப்பிட இருந்தோம். துஷ்யந்தனும் வந்திருந்தார். மாமி பத்தியக் கறி வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கும், பிள்ளை தங்காமல் போனவளுக்கும் கொடுக்கிற கறி. செத்தல் மிளகாய் இல்லை. மிளகு, மல்லி, மஞ்சள், உள்ளி அரைத்துப் போட்டு, சின்ன மீனாகப் பார்த்துக் காய்ச்சியது.

"ஆக்கள்தான் போட்டினமே, மாமி. இனி என்னத்துக்குப் பத்தியம்?"

"காய்ச்சினதை எறியிறதோ?"

"அம்மா, எனக்கும் கொஞ்சம் விடுங்கோ," என்றார் துஷ்யந்தன்.

"உனக்கு என்ன பத்தியம்?"

"மணக்குது."

மாமி அவருக்கும் விட்டார். அப்போது என் போனில் குளிசை நேரம் அடித்தது. வழக்கத்தில் குளியலறைக்குப் போய்ப் போடுவேன். அன்று மேசையிலேயே அட்டையை எடுத்து ஒன்றை உடைத்தேன். தண்ணீரோடு விழுங்கினேன்.

"டொக்டர் கேட்டா, தொடர்ந்து போடுறனெண்டு சொல்லப்போறன்," என்றேன்.

துஷ்யந்தனின் கை சோற்றுக்குள் நின்றது.

"எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியாதப்பா. இப்ப நிப்பாட்டமாட்டன். நிப்பாட்டினாலும் பிள்ளை வராமல் விடலாம் எண்டும் தெரியும். பிந்தினா இன்னும் கஷ்டமெண்டும் தெரியும்."

அவர் குழைத்த சோற்றையே திரும்பவும் குழைத்தார். நெடுநேரம் குழைத்தார். "சரி," என்றார். அந்தச் சரிக்குள் தள்ளுவண்டி மடிக்கிற பிடியும் இருந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

மாமி எங்கள் இருவரையும் பார்க்காமல் சட்டியைக் கிளறினார்.

"கொஞ்ச நாளைக்கு உன்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்," என்றார்.

"அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னீங்களோ, மாமி?"

"இல்லை. என்ரை மானத்துக்குத்தான் சொன்னனான்." பிறகு கேட்டார்: "கறி எப்பிடி?"

"உப்புக் குறைவு."

"பத்தியத்துக்கு அப்பிடித்தான் போடுறது," என்று இன்னொரு அகப்பை விட்டார். "சாப்பிடு."

சாப்பிட்டேன்.