மஞ்சள் ரெக்கார்டு மட்டமா?

1

இந்தக் கதை ஒரு தலையாட்டலிலிருந்து பிறந்தது. 1981ஆம் வருடம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருவண்ணாமலையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்துகொண்டு, நண்பன் சொன்ன ஒரு விஷயத்துக்கு நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. 1984இலிருந்து அதை எழுதப் பார்க்கிறேன். பேனாவை எடுப்பேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். வந்து பார்த்தால் எழுதிய வரி பிடிக்காது.

இதுவரை எழுதி நிறுத்திய தொடக்கங்கள்:

"ஒரு இசைக்குழு நமக்குப் பிடிக்காமல் போகத் தொடங்கிய நாள் எது என்று யாராலும்..."

(கட்டுரை வாடை அடிக்கிறது. வேண்டாம்.)

"கலீல் ரஹ்மானுக்கு இருந்ததைப் போன்ற காதுகள் இந்த ஊரில் வேறு யாருக்கும்..."

("இருந்த" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த இறந்தகாலத்துக்குத்தான் இந்தக் கதை பதில் சொல்ல வேண்டும்.)

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். அழகாக எழுத முயன்றால் நடுவில் எங்காவது தப்பித்துக்கொள்வேன் என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம்.

2

என் பெயர் சுப்பிரமணி. தாலுகா ஆபீசில் கிளார்க். சிறுபத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறவன். கலீல் ரஹ்மான் என் வயதுக்காரன். தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுவதும் அவன்தான். ரேடியோவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இரைச்சலைக் கேட்பான். "கண்டென்சர் போயிடுச்சு" என்பான். திறந்து பார்த்தால் அதுவேதான் போயிருக்கும்.

1974இல் ஆசிரமத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஓடாத ரெக்கார்டு பிளேயர் ஒன்றை அவனிடம் கொடுத்தார். சோதித்துப் பார்க்க ஒரு ரெக்கார்டும் தந்திருந்தார். அட்டையில் பனியில் நிற்கும் சிவப்பு வேன், அதில் சாய்ந்தபடி நான்கு பேர். கலீல் அன்றே என்னைத் தேடி ஆபீசுக்கு வந்துவிட்டான்.

"சுப்பிரமணி, உடனே வா. இன்னா பாஷைன்னு தெரியல. ஆனா ஒரு தட்டு அடிக்கிறான் பாரு, மழை பெஞ்ச மாதிரி இருக்கு."

பாஷை ஆங்கிலம்தான். தட்டு என்று அவன் சொன்னது, டிரம்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பித்தளைத் தட்டு. மற்றவர்கள் பாட்டைக் கேட்பார்கள். கலீல் அந்தத் தட்டைக் கேட்டான். எனக்கு முதலில் அது கேட்கவே இல்லை. நாலாவது தடவை, அவன் விரலால் மேசையில் சுட்டிக் காட்டிய பிறகுதான் கேட்டது. வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது பிளேயரையும் ரெக்கார்டையும் அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

(அந்தக் குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தேடிப்போய்க் கேட்டுவிட்டு எனக்கு முன்னால் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். நாங்களும் பெயரைச் சொன்னதில்லை. "நாலு பேரு" என்போம்.)

3

1977இல் இரண்டாவது ரெக்கார்டு. கலீலின் தம்பி மக்பூல் துபாயிலிருந்து அனுப்பினான். அட்டையில் நீலக் கதவு. அந்த வருடம் முழுக்க, ஞாயிறு மதியம் கடையைப் பாதி சாத்திக்கொண்டு கதவு ரெக்கார்டைக் கேட்டோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பேசுவதற்கு வேறு ஆள் கிடையாது. மனசுக்குள் ஓயாமல் நச்சரிக்கும் ஏதோ ஒன்று அந்த நாற்பது நிமிடம் மட்டும் அடங்கியிருக்கும்.

பிறகு கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. கட்டுரைகளைப் பத்துப் பேர் பாராட்டத் தொடங்கினார்கள். 1981இல் மக்பூல் மூன்றாவது ரெக்கார்டு அனுப்பியிருக்கிறான் என்று கலீல் சொன்னபோது எனக்கு முன்போலச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்றுதான் தோன்றியது. (இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு நான்காம் முறை எழுதியிருக்கிறேன். பிடிக்காமல் போவதற்கு நான் தயாராகத்தான் போய் உட்கார்ந்தேன்.)

4

அட்டை முழுக்க மஞ்சள். படம் கிடையாது.

முதல் பாட்டு முடிந்தது. கலீல் முள்ளை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். ஸ்பீக்கரை மாற்றினான். வயரை அசைத்துப் பார்த்தான். நெற்றியில் வியர்வை.

"தட்டு எங்கடா?" என்றான். "தட்டே இல்லியே. போர்வையப் போட்டு மூடுன மாதிரி இருக்குது. உனக்கு?"

இங்கே நான் நிற்க வேண்டும். எனக்குக் கேட்டதா? அந்த நிமிடத்துக்கு நூறு தடவை திரும்பிப் போயிருக்கிறேன். கேட்டது என்றும் நினைவிருக்கிறது, கேட்கவில்லை என்றும் நினைவிருக்கிறது. கலீலின் காது என் காதைவிட உசத்தி என்பது ஏழு வருடப் பழக்கம். அவனே இல்லை என்கிறபோது இல்லைதானே?

"ஆமாம், இல்ல" என்று தலையாட்டினேன். "பேரு வந்துடுச்சு இல்ல, சோம்பேறி ஆயிட்டானுங்க."

அப்போது உள்வாசலில் நின்றிருந்த அவன் மனைவி ரஹமத்துன்னிசா சொன்னார்: "எனக்குக் கேக்குதே அண்ணா. அந்த ஜல்ஜல்னு ஒண்ணு, அதானே? நல்லா கேக்குதே."

கலீல் சிரித்தான். "அது உன் பாத்திர சத்தம்."

நானும் சிரித்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

5

அந்த மாதமே ஒரு கட்டுரை எழுதினேன். நேசித்த கலைஞர்கள் சரியும்போது ரசிகன் என்ன செய்ய வேண்டும் என்பது விஷயம். அதில் ஒரு வாக்கியம்: "அந்த டிரம்ஸ்காரரின் பித்தளையில் இப்போது உயிரில்லை, யாரோ போர்வையைப் போட்டு மூடிவிட்டார்கள்." போர்வை கலீலுடையது. அந்த வாக்கியத்தைப் பாராட்டி எனக்கு நான்கு கடிதங்கள் வந்தன.

கலீல் கட்டுரையை இரண்டு தடவை படித்தான். "பத்திரிகையிலயே போட்டுட்டான் பாரு" என்று மனைவியிடம் காட்டினான். அச்சில் வந்ததால் அது உண்மையாகிவிட்டது. அதன்பிறகு ரஹமத்துன்னிசா வாயைத் திறக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் ரேடியோவைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினார்கள். "கீச்சுனு ஒரு சத்தம் அப்படியே இருக்குது பாய்" என்பார்கள். "ஒண்ணும் இல்லியே" என்பான் கலீல். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வேலையில் மூழ்கியிருக்கிறான் என்று நினைத்தேன். (அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.) 83இல் நான்காவது ரெக்கார்டு வந்தது. ஒரு பக்கம் கேட்டுவிட்டு எடுத்து வைத்துவிட்டோம். "விட்டுடலாம்பா, செத்துட்டானுங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு நின்றன. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

6

1984, வைகாசி. கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். கலீல்தான் மைக் செட். மாப்பிள்ளை எங்கள் ஆபீஸ் பியூன் என்பதால் நானும் போயிருந்தேன். காலை ஒன்பது மணி முகூர்த்தம். புரோகிதர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தபோது அது ஸ்பீக்கர் எதிரில் போய்விட்டது போலிருக்கிறது. திடீரென்று ஊளை. காதுக்குள் கம்பியை விட்டது போன்ற கீச்சுச் சத்தம். பந்தலில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழந்தைகள் அலறின. மணப்பெண் தலையைக் குனிந்து இரண்டு கைகளாலும் காதை மூடியதில் மாலை கழுத்திலிருந்து நழுவியது.

ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில், ஹாரன் ஸ்பீக்கருக்கு நேர் கீழே, கலீல் ஒரு வயருக்கு நிதானமாக டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பாய்! ஆஃப் பண்ணு பாய்!"

அவன் சுற்றி முடித்தான். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். நிமிர்ந்தான். நூறு பேர் காதைப் பொத்திக்கொண்டு தன்னையே பார்ப்பதைக் கண்டான். எங்கே, என்ன ஆயிற்று என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தான். நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.

"இன்னா சுப்பிரமணி?" என்றான். "எதுக்கு அணைச்ச?"

7

நானும் ரஹமத்துன்னிசாவும் அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பிச் சோதித்தார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கலீல் கையைத் தூக்கத் தயாராக வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"எப்பத்துல இருந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"மஞ்சள் ரெக்கார்டு வந்ததுல இருந்துங்க" என்றார் ரஹமத்துன்னிசா. டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வருடக்கணக்காக ஹாரன் ஸ்பீக்கர் அடியில் நின்றதால் வந்தது என்றார் டாக்டர். மெல்லிசான, கீச்சென்று கேட்கும் சத்தங்கள்தான் முதலில் போகும். "அப்பவே தெரிஞ்சு அந்த வேலையை நிறுத்தியிருந்தா, மிச்சம் இருந்தது இருந்திருக்கும்."

பஸ்ஸில் திரும்பினோம். போளூர் தாண்டியதும் கலீல் என் பக்கம் திரும்பி, என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அந்த மஞ்சள் ரெக்கார்டு நெஜமாவே மட்டமா? இல்ல, எனக்குத்தான் கேக்கலியா?"

முன் சீட்டில் ரஹமத்துன்னிசா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மட்டம்தான்" என்றேன். அவன் உதட்டைப் படிக்க வசதியாக, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

"தட்டு?"

"இல்ல."

பெருமூச்சு விட்டான். "அப்ப சரி. நான் ஒண்ணையும் விடல."

8

போன மாதம் கலீல் கடையைக் காலி செய்தான். சட்டைப்பையில் ஒரு மெஷின், அதிலிருந்து காதுக்கு வயர். அது இருந்தும் அவனுக்கு எல்லாம் டப்பாவுக்குள் பேசுவது போலத்தான். பிளேயரையும் நான்கு ரெக்கார்டுகளையும் என்னிடம் கொடுத்தான். "உனக்காவது கேக்கட்டும்."

ஒரு வாரம் தொடவில்லை. பிறகு மஞ்சளைப் போட்டேன்.

தட்டு இருக்கிறது. முதல் பாட்டின் முதல் நிமிடத்திலேயே இருக்கிறது. ஒளிந்துகொண்டெல்லாம் இல்லை. ரஹமத்துன்னிசா சொன்ன மாதிரியே ஜல்ஜல் என்று, எந்தக் குழந்தைக்கும் கேட்கும்படி இருக்கிறது. ஐந்து தடவை போட்டுக் கேட்டேன். கடைசி முறை எடுக்கும்போது முள் ஒரு கோடு கிழித்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இதுவும் பொய்யாகிவிடும். தட்டு இருந்தும் அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நாலு பேர்தான் சோர்ந்துபோனார்களா, அல்லது நானா என்று தெரியவில்லை. மட்டம் என்று நான் சொன்னதில் பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாதி, கலீல் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

9

எழுதிப் பார்த்த முடிவுகள்:

கலீலை ராமகிருஷ்ணன் ஆக்கி, ரேடியோ கடையைச் சைக்கிள் கடை ஆக்குவது. எழுதினேன். சைக்கிள் கடைக்காரனுக்குக் காது போனால் அது வேறு கதை. கிழித்துவிட்டேன்.

நேரில் போய்ச் சொல்வது. போனேன். கலீல் சந்தோஷமாக இருந்தான். "மக்பூல் எழுதியிருக்கான், அஞ்சாவது ரெக்கார்டு வந்திருக்குதாம். வேணாம்னு எழுதிட்டேன். எப்படியும் மட்டமாத்தானே இருக்கும்?" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு எழுந்தேன். 

வெளியே வரும்போது ரஹமத்துன்னிசா வாசல்வரை வந்தார். "சொல்ல வந்தீங்களா அண்ணா?"

"உங்களுக்கு அப்பவே தெரியும், இல்லியாம்மா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க." குரலில் கோபம் இல்லை. "இப்ப எதுக்குச் சொல்றீங்க? அவருக்காகவா, உங்களுக்காகவா?"

வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன், பெயர்களை மாற்றாமல்.

பத்திரிகை வெளிவந்தால் ஒரு பிரதி எங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும். காது போனதிலிருந்து கலீல் தினமும் சாயங்காலம் அங்கேதான் இருக்கிறான். விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறான். இதை முதலில் எடுத்தவர் நீங்களாக இருந்தால், அவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் படித்து முடிக்கக் காத்திருப்பான். எட்டாம் பகுதியும் இந்தப் பகுதியும் இருக்கும் கடைசித் தாளை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம். அப்படியேயும் கொடுக்கலாம். ரஹமத்துன்னிசாவின் கேள்வியை நான் உங்களிடம் தள்ளிவிடுகிறேன் என்று தெரிகிறது. மன்னியுங்கள்.

கிழிப்பதானால் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். முடித்துவிட்டீர்களா என்று கையால்தான் கேட்பான்.