வயிறு சரியில்லை

சங்கரலிங்கத்தின் வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரித்துவிடும். ஆனால் சம்பந்தம் பேசப் போகிற வீடுகளில் மட்டும் அதற்குத் திடீரென்று ஏதாவது வந்துவிடும். மூத்த மகன் பாரத்துக்குப் பெண் தேடிய காலத்தில் மூன்று வீடுகளில் அப்படி வந்தது. கேசரியும் பஜ்ஜியும் முன்னால் வைத்ததும் தட்டை ஒரு சாண் தள்ளிவைத்து, "வயிறு சரியில்ல" என்பார். கோவில்பட்டிப் பக்கத்தில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சம்பந்தம் பேசப் போன இடத்தில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காவிட்டால் இல்லை. பெண்ணைப் பெற்றவர் தட்டைப் பார்ப்பார், விஷயத்தைப் புரிந்துகொள்வார், வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பி வைப்பார். நாலாவது வீட்டில் சங்கரலிங்கம் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாரத்துக்குக் கல்யாணம் ஆனது.

அந்த வயிறு இப்போது மகள் சுபத்ராவின் காரில், முன் சீட்டில், பெல்ட்டுக்குள் உட்கார்ந்து மன்ஹைம் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில் மனைவி கிரிஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். ஜன்னலை இறக்கினாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்ததும் ஏற்றினாள்.

"என்ன, வண்டி ஒத்துக்கலையா?" என்றார் சங்கரலிங்கம்.

"ஒண்ணுமில்ல. நீங்க ரோட்டப் பாருங்க."

"நான் எதுக்கு ரோட்டப் பாக்கணும்? அவதான ஓட்டுதா."

மனிதர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். இருக்காதா பின்னே? வால்டோர்ஃபில் மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் தேடியது இன்றைக்குத்தான் கிடைக்கப் போகிறது. கோவில்பட்டியில் அவருக்குக் கடலைமிட்டாய்க் கடை. கூடவே தூத்துக்குடி மக்ரூனும் போடுவார். மக்ரூன் போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன பலகாரம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. "முட்டையையும் சீனியையும் அடிச்சு நம்மளப் பிழைக்க வச்சவன், அவன் வீட்டுல என்னதான் திங்குதான்னு பாத்துரணும்" என்பது அவருடைய வெகுநாள் ஆசை. போர்த்துக்கல்வரை போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஜெர்மனியிலேயே அசல் போர்த்துக்கீசிய ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று மகளைக் குடைந்தெடுத்தார்.

முதலில் சுபத்ரா ஹைடெல்பெர்க்கில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். சுவரெல்லாம் நீலப் பூப்போட்ட ஓடு, சாப்பாட்டு அட்டை முழுக்கப் படம். தீயில் வாட்டிய கோழியும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. "இது ரயிலடிச் சாப்பாடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெளியூரில் சாப்பிட அவர் சில சட்டங்கள் வைத்திருக்கிறார். படம் போட்ட அட்டை இருந்தால் உட்காரக் கூடாது. வாசலில் நின்று கூப்பிடுகிற கடைக்குள் நுழையவே கூடாது. உள்ளூர்க் கிழவர்கள் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டே சாப்பிடுகிற இடமாகப் பார்க்க வேண்டும். போர்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

அப்படியே ஒரு இடம் இருப்பதாகச் சுபத்ரா போன வாரம் சொன்னாள். அந்தக் காலத்தில் ஆலை வேலைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் மன்ஹைமில் நடத்துகிற சங்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே சமையல். சமைப்பது லூர்தெஸ் என்று ஒரு அம்மா. போர்த்துக்கல்லின் தெற்கே அலென்தேஜோ என்ற சீமையிலிருந்து வந்தவர். "மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, எங்க பாத்தாலும் கோதுமைக் காடுப்பா."

"கரிசக்காடுன்னு சொல்லு" என்று சங்கரலிங்கம் அப்போதே மனசால் சாப்பிடத் தொடங்கிவிட்டார். "லூர்தா? நம்ம தூத்துக்குடியில தெருவுக்கு நாலு லூர்தம்மா இருக்காங்களே."

அவருக்குச் சொல்லாமல் விட்ட பாதி, இன்று காலையில் கிரிஜாவுக்குச் சொல்லப்பட்டது. சுபத்ரா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னாள்.

"ம்மா, லூர்தெஸ் ஆன்ட்டி டியோகோவோட அம்மா."

"டியோகோ யாரு?"

சுபத்ரா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். பெற்றவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம். ஒரே டீம்ல இருக்கோம். அவனுக்கு அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். ப்ளீஸ்ம்மா, டென்ஷன் ஆகாத. அப்பா முதல்ல சாப்பிடட்டும். சாப்பிட்டப்புறம் நானே சொல்லிடறேன். கை நனைச்சுட்டா அப்பா பேச்சு மாற மாட்டாருன்னு உனக்கே தெரியும்."

"காசு குடுத்துச் சாப்பிட்டா அது கை நனைக்கிறதாடி?"

"காசு வாங்க மாட்டாங்க. யாரு வர்றோம்னு அவங்களுக்குத் தெரியும்."

"அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்க அப்பாவுக்கு மட்டும் தெரியாது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கே."

"சோறு இல்லம்மா, ரொட்டி" என்றாள் அந்தத் துணிச்சல்காரி.

அப்போது பிடித்த படபடப்புதான் காரிலும் கிரிஜாவை உட்காரவிடாமல் பண்ணியது. கட்டின புருஷனை ஏமாற்றப் போகிறோம் என்பது ஒரு பக்கம். அவர் ஏமாறாவிட்டால் மகள் கதி என்ன என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அப்பா சாப்பிடுவாரா மாட்டாரா என்று இத்தனை யோசித்த பெண், "உனக்குச் சம்மதமாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சங்கத்துக்கு உண்மையிலேயே போர்டு இல்லை. கார் பழுதுபார்க்கிற பட்டறைக்குப் பின்னால் ஒரு கதவு, அவ்வளவுதான். உள்ளே தொலைக்காட்சி யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கிழவர்கள் சீட்டாடிக்கொண்டே ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கம் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"பூண்டு. பச்சைக் கொத்தமல்லி. ஏட்டி, கொத்தமல்லி வாசம் வருது."

உள்ளிருந்து உரலில் எதையோ இடிக்கிற சத்தமும் கேட்டது. மனிதர் உருகிப்போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிழவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்களும் ஆட்டினார்கள்.

தாடி வைத்த, நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பையன் மண் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என் ஆபீஸ் ஃப்ரெண்ட்ப்பா, டியோகோ. சண்டேன்னா இங்க ஹெல்ப் பண்ணுவான்" என்றாள் சுபத்ரா. கிண்ணத்தை வைக்கும்போது குழம்பு விரிப்பில் சிந்தியது. துணியைத் தேடாமல் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டான். பயப்படுகிறான் என்று கிரிஜா கண்டுகொண்டாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆம்பிளையோடு அவள் நிறையக் குடித்தனம் பண்ணியாயிற்று.

"அசோர்தா" என்று கிண்ணத்தைக் காட்டினான் டியோகோ. பழைய ரொட்டித் துண்டுகள், அவற்றின் மேல் கொத்தமல்லியும் பூண்டும் உப்பும் இடித்துக் கரைத்த வெந்நீர், எண்ணெய் மினுமினுக்க நடுவில் ஒரு முட்டை. சங்கரலிங்கம் கரண்டியை ஓரமாக வைத்தார். சட்டைக் கையை மடித்தார். சுபத்ரா மூச்சை இழுத்தவள் விடவில்லை. அவர் கை கிண்ணத்துக்கு மேலே போய்விட்டது.

அப்போதுதான் லூர்தெஸ் வெளியே வந்தார். சாப்பிட்டு முடிக்கிறவரை அடுப்படியைவிட்டு வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்களாம். அந்தம்மாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. வந்ததும் சுபத்ராவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்துக்குக் கன்னம் முத்தம் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் அந்த ஊர் வழக்கம் என்று போயிருக்கும். அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, என்னவோ மெதுவாகச் சொன்னார். பிறத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் அப்படி முடி ஒதுக்க மாட்டார்கள்.

சங்கரலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது. லூர்தெஸைப் பார்த்தார். தாடிக்காரனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியில் கிரிஜாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், குட்டு வெளிப்பட்டது. நனையாத கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை ஒரு சாண் தள்ளிவைத்தார்.

"வயிறு சரியில்ல."

சுபத்ராவின் கண் நிறைந்துவிட்டது. லூர்தெஸ் என்னவென்று கேட்க, அவள் ஜெர்மனில் சொன்னாள். பாவம், அந்தம்மாவுக்குக் கோவில்பட்டி வழக்கம் எதுவும் தெரியாது. சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். "அய்யோ" என்கிற முகத்தோடு உள்ளே ஓடினார். எலுமிச்சைத் தோல் போட்ட வெந்நீர் வந்தது. சங்கரலிங்கம் வேண்டாம் என்றார். சுட்ட ரொட்டி வந்தது. அதற்கும் வேண்டாம் என்றார். மூன்றாவதாக ஆவி பறக்க ஒரு கிண்ணம் வந்தது. கோழிச்சாற்றில் குழைந்த அரிசி.

"கான்ஜா" என்றார் லூர்தெஸ்.

"உடம்பு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதுப்பா. பேரு மட்டுமில்ல, விஷயமும் நம்ம கஞ்சிதான். நம்ம பக்கத்துலேருந்து போனதுன்னு சொல்லுவாங்க" என்றாள் சுபத்ரா தரையைப் பார்த்தபடி.

சங்கரலிங்கம் கஞ்சியை ஒரு கணம் பார்த்தார். வயிறு உறுமியது பக்கத்தில் இருந்த கிரிஜாவுக்கே கேட்டது. ஆனாலும் எழுந்துவிட்டார். கிழவர்களைத் தாண்டி வெளியே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: காரின் கதவை இழுத்துப் பார்க்கிறார், பூட்டியிருக்கிறது, காரைச் சுற்றி வருகிறார், மறுபடி இழுக்கிறார். சாவி மகளிடம் அல்லவா இருக்கிறது.

லூர்தெஸ் அடுப்படி வாசலில் நின்று, இடுப்புத் துணியின் நுனியை முறுக்கிக்கொண்டு, மேசையில் ஆறுகிற கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிற்பு கிரிஜாவுக்குத் தெரியும். சாத்தூரில் அவள் வீட்டு அடுப்படியில், பட்டுப்புடவைக்குள் வியர்த்துக்கொண்டு, அவளும் அப்படித்தான் நின்றாள். கூடத்தில் யார் என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. மாமனார் முறுக்கைக் கடித்த சத்தம் மட்டும் விழுந்தது. தன் கல்யாணம் முடிந்துவிட்டது என்று அந்தச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு எத்தனை வீடு ஏறி இறங்கியாயிற்று. எல்லா வீட்டிலும் சங்கரலிங்கத்தின் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பாரத்துக்குப் பார்த்த இரண்டாவது பெண்ணை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஜ்ஜிக்குப் போன அவள் கை, "வயிறு சரியில்ல" என்று கேட்டதும் தானாகத் திரும்பி மடிக்கு வந்துவிட்டது. அந்தக் கையை நினைத்தபோது கிரிஜாவுக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கொஞ்சம், தன் மேல் நிறைய.

கதவு திறந்தது. "சாவியக் குடு, கெளம்புவோம்" என்றார் சங்கரலிங்கம்.

சுபத்ரா எழுந்துவிட்டாள். கிரிஜா எழுந்திருக்கவில்லை. கோட்டின் கையை மேலே தள்ளி, வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றினாள். அசோர்தாவுக்குள் விரலைவிட்டு, ஊறிய ரொட்டியை முட்டையோடு பிசைந்து எடுத்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது. மணிக்கட்டுவரை வழிந்தது. வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்றாள். பூண்டு தூக்கல், கொத்தமல்லி மணக்க மணக்க நன்றாக இருந்தது. நன்றாக இல்லாவிட்டாலும் சாப்பிட்டிருப்பாள்.

"கிரிஜா" என்றார் அவர்.

"எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்குங்க."

சீட்டாடிய கிழவர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். கிரிஜா இரண்டாவது வாயையும் விழுங்கிவிட்டு மகளைப் பார்த்தாள். "சுபா, அந்தம்மாகிட்ட உப்பு மட்டும் கொஞ்சம் கம்மின்னு சொல்லு. பொண்ணோட அம்மா கை நனைச்சாச்சுன்னும் சொல்லு."

சுபத்ரா சொன்னாள். லூர்தெஸுக்கு விளங்கியது உப்புச் சமாசாரம் மட்டும்தான், எடுத்துவர உள்ளே ஓடினார். மற்றது டியோகோவுக்கு விளங்கிவிட்டது. அந்த வழக்கத்தைச் சுபத்ரா முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பாள். பக்கத்தில் கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அப்ப நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்றார் சங்கரலிங்கம். கத்தவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவரைப் போலக் கேட்டார்.

கிரிஜா இடது கையால் கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கமாக ஒரு சாண் தள்ளிவைத்தாள்.

"வயிறு சரியில்லாதவங்களுக்குன்னே வச்சது. உங்களுக்கு எப்பச் சரியாகுதோ அப்பக் குடிங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி தன் கிண்ணத்தில் கை வைத்தாள்.