விளக்கு வைத்த பிறகு பிறந்தவள்

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் பழைய ஏடுகளில் தேதியெல்லாம் பிறையை வைத்துக் கணக்கிட்ட அந்தக் கால நாட்காட்டிப்படி இருந்தது. அவற்றை இன்றைய தேதிக்கு மாற்ற ஒரு கணினி நிரல் எழுதியிருந்தாள் அங்கே வேலை பார்த்த நிரல்காரி. மொத்தம் நாற்பதாயிரம் பிறப்புகள். பழைய தேதிக்கு இன்றைய தேதி காட்டும் அச்சிட்ட அட்டவணையோடு ஒத்துப் பார்த்ததில் ஒன்றுகூடப் பிசகவில்லை. மூன்று வாரமாகச் சான்றிதழ்கள் போய்க்கொண்டிருந்தன.

அன்று காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். அறுபதை நெருங்கும் வயது, அச்சில் வார்த்தது போல ஒரே மூக்கு. அக்கா பேருந்து ஓட்டுபவர், தங்கை தையல்கடைக்காரர். இருவரும் சேர்ந்து வெளிநாடு போக விண்ணப்பிக்க, அது திரும்பி வந்திருந்தது. இரட்டையரான அவர்கள் ஒரே பிறந்த தேதியை எழுதியிருக்க, சான்றிதழ் அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை என்றும் தங்கைக்குப் புதன்கிழமை என்றும் சொன்னது.

ஏட்டில் பன்னிரண்டு, பதிமூன்று என்று இரண்டு தேதிகளாகத்தான் இருக்கின்றன என்று நிரல்காரி விளக்கினாள். நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாகப் பிறந்திருக்கலாமே என்றும் கேட்டாள்.

தங்கை சிரித்துவிட்டார். "ஏம்மா, எனக்காக எங்க அம்மா மூணு மணி நேரம் வலி தாங்கினாங்க. உங்க காகிதம் நடுராத்திரி வரைக்கும் தாங்க வைக்குதே, நியாயமா?"

 நிரல்காரி எழுத்தரிடம் சொல்லி மூல ஏட்டை எடுத்துவரச் செய்தாள். தூசு தட்டிப் பிரித்தார் அவர். தேதிக்குப் பக்கத்தில் நேரத்துக்கென்று ஒரு கட்டம். அக்காவுக்கு மாலை ஐந்து. தங்கைக்கு, விளக்கு வைத்த பிறகு, எட்டு.

"அந்தக் காலத்துக் கணக்குல பொழுது சாஞ்சா அடுத்த தேதிம்மா," என்றார் எழுத்தர், இது தெரியாதவரும் உண்டா என்கிற மாதிரி.

 புதிய படிவத்தில் நேரத்துக்கு இடமில்லை என்பதால் அந்தக் கட்டத்தை அவள் நிரல் தொடவே இல்லை. பொழுது சாய்ந்து நள்ளிரவுக்குள் பிறந்த அத்தனை பேரும் அவள் கணக்கில் ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தார்கள். சகோதரிகளிடம் தப்பு தன்னுடையது என்று சொல்லி, நான்கு நாள் தவணை கேட்டாள். பிறகு நேராக மேலாளர் அறைக்குப் போய், மறைக்காமல் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றவளிடம், எழுத்தர்கள் எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

நேரக் கட்டத்தை நான்கு பேர் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். அந்தந்த நாளில் சூரியன் மறைந்த நேரத்தை அவள் நிரலில் சேர்த்தாள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் ஒரு நாள் முன்னால் நகர்ந்தார்கள். நேரம் எழுதாத பதிவுகளை ஊகித்து மாற்றாமல், ஏட்டிலிருந்த பழைய தேதியையும் சேர்த்து அச்சிட ஏற்பாடு செய்தாள். மேலாளரும் அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர். ஒரு நாள் வயது கூடிக் கிழவனாகிவிட்டேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஐந்தாம் நாள் சகோதரிகள் வந்தார்கள். புதிய சான்றிதழை அக்கா இரண்டு முறை படித்தார்.

"செவ்வாய்க்கிழமை. ரெண்டு பேருக்கும்," என்றார் தங்கையிடம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் தங்கை.

அவர்கள் போன பிறகு நிரல்காரி கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிப்போனவர்களுக்கு எழுத வேண்டிய கடிதங்கள் மேசையில் குவிந்து கிடந்தன. நான்கு நாளைக்குப் பிறகு அன்று நன்றாகப் பசித்தது.